கரடி அளந்த பொந்து

மலையடிவாரத்தில் இருந்த ஒரு காட்டில் நான்கு வட்டங்கள் உண்டு. யானையும் காட்டெருமையும் வாழ்ந்தது மூங்கில் வட்டம். குரங்கும் அணிலும் வாழ்ந்தது மர வட்டம். நீராமையும் நீர்நாயும் வாழ்ந்தது ஆற்று வட்டம். முயல், கீரி, எலி, கௌதாரி, முள்ளம்பன்றி, இன்னும் பெரியவர்களின் காலடியில் வாழும் அத்தனை பேரும் இருந்தது புல் வட்டம்.

காட்டுக்குப் பொதுவான காரியம் எதுவானாலும் நான்கு வட்டமும் வாக்குப் போட்டுத்தான் முடிவு செய்யும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வட்டமும் ஒவ்வொரு விதமாகப் போட்டது.

மூங்கில் வட்டத்தார் காலால் தரையை உதைத்தார்கள். எந்தப் பக்கம் புழுதி அதிகமோ அந்தப் பக்கம் வென்றது. மர வட்டத்தார் கத்தினார்கள். ஆற்று வட்டத்தார் குழியில் கூழாங்கல் போட்டார்கள். புல் வட்டத்தார் ஒற்றையடிப் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்றார்கள். எண்ணி முடிப்பதற்குள் முயல்கள் பக்கம் மாறிவிடும்.

கடைசியில் நான்கையும் கூட்ட வேண்டுமே! புழுதியையும் கூச்சலையும் கூழாங்கல்லையும் ஓடுகிற முயலையும் கூட்டினால் என்ன வரும், சொல்லுங்கள்? சண்டை வரும்.

போன கோடையில், வற்றிய குளத்தில் முதலில் யார் தண்ணீர் குடிப்பது என்று வாக்குப் போட்டார்கள். கூட்டி முடிப்பதற்குள் மழை வந்து குளமே நிரம்பிவிட்டது.

அந்தக் காட்டுக்குத் தலைவி பெரியநாயகி என்ற யானை. ஒழுங்கு என்றால் அவளுக்கு உயிர். மூங்கிலைக்கூட நீளவாரியாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் தின்பாள். அவள் காட்டைக் கூட்டிச் சொன்னாள்: "இந்தக் கூத்து போதும். இனிமே நாலு வட்டத்துக்கும் ஒரே முறை. எந்த முறைன்னு நீங்களே சொல்லுங்க."

இதைக் கேட்டு எல்லோரையும்விட அதிகமாக மகிழ்ந்தவள் மாடத்தி என்ற உடும்பு. அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, பிடித்தால் விடாமல் இருப்பது. அவள் மகிழ்ச்சிக்கும் காரணம் உண்டு.

புல் வட்டத்தின் ஓரத்தில் புற்றுமேடு இருந்தது. அங்கே ஒரு புற்றின் அடியில் மாடத்தி முட்டையிட்டு மூடி வைத்திருந்தாள். அந்த மேட்டின்மீது சடையப்பன் என்ற கரடிக்குக் கண். கறையான் என்றால் அவனுக்கு நாக்கில் ஆறு ஓடும். ஒன்றிரண்டு புற்று போதாது என்று, மேடு முழுவதையும் தோண்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தான். அடுத்த வாக்கு அதற்குத்தான்.

முட்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இட்ட நிலையிலிருந்து புரட்டிவிட்டால் உள்ளே இருக்கும் குஞ்சு பிழைக்காது. மாடத்தி ஒரு முறை புரட்டிப் பார்த்தவள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

மழை வந்தால் குஞ்சு வரும். ஆனால் மழைக்கு முன்னால் வாக்கு வருகிறது. எலிக்கும் கீரிக்கும் முள்ளம்பன்றிக்கும்கூடப் புற்றுமேட்டில்தான் வளை. புல் வட்டத்தார் எல்லோரும் போட்டு, அதைச் சரியாகவும் எண்ணிவிட்டால் கரடி தோற்பான். அதனால்தான் ஒரே முறை என்றதும் அவள் வால் தானாக ஆடியது.

கூட்டத்தில் ஆளுக்கு ஒரு முறை சொன்னார்கள். சொல்வானேன், அவரவர் தத்தம் முறையைச் சொன்னார்கள்.

"உதைக்கிறதுதான் சரி," என்றது காட்டெருமை.

ஒரு சுண்டெலியை உதைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அது பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறை உதைத்தது. புழுதி வரவில்லை, எலிக்குத்தான் கால் சுளுக்கியது.

"கத்துறதுதான் சரி," என்றது குரங்கு.

திருமேனி என்ற தரை ஆமையைக் கத்தச் சொன்னார்கள். திருமேனி புல் வட்டத்துக்காரர், பொறுமைசாலி. அவர் வாயைத் திறந்தார். எல்லோரும் காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்தார்கள். அவர் வாயை மூடினார்.

"முடிஞ்சுதா?" என்றாள் பெரியநாயகி.

"கத்திட்டேனே, அம்மா," என்றார் திருமேனி.

அப்போது சடையப்பன் எழுந்தான். இடுப்பைத் தடவிக்கொண்டு, குரலில் தேன் ஒழுகப் பேசினான்.

"தலைவியம்மா, என் புத்திக்கு எட்டினதைச் சொல்றேன். நாலு வட்டத்திலும் உள்ளே கோறையான, வெறும் கூடான மரம் ஒண்ணு இருக்கு. நாலிலும் ஒரே உயரத்தில் ஒரு பொந்து. தோண்டலாம்னு சொல்றவங்க கழற்சிக்காய் போடட்டும். கூடாதுன்னு சொல்றவங்க புளியங்கொட்டை போடட்டும். அவரவர் கையால, இல்லே வாயால, அவரவரே போடணும். மரத்தடியில ஒரு திறப்பு வெச்சு, அத்தனையையும் வெளியே எடுத்து எண்ணிடலாம்."

"குரங்கு தின்னுடுமே!" என்று கத்தியது முயல். போன ஆண்டு நெல்லிக்காய் போட்டு வாக்கு நடத்திப் பார்த்தபோது, எண்ணப் போன குரங்கு வாக்கைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

"புளியங்கொட்டையை வறுத்தாத்தானே ருசி? காட்டுல ஏது அடுப்பு?" என்றான் கரடி. குரங்கே சிரித்துவிட்டது.

பெரியநாயகிக்குக் கண்ணில் நீர் வந்தது. நான்கு மரம், நான்கு பொந்து, ஒரே உயரம்! இதைவிட ஒழுங்கு உலகத்தில் உண்டா? உடனே மரங்கொத்தியை அழைத்தாள். உயரத்தை அளக்கச் சடையப்பனே முன்வந்தான். மரத்தோடு ஒட்டி நிமிர்ந்து நின்றான், கையை நீட்டினான், நகத்தால் ஒரு கீறல் போட்டான். மரங்கொத்தி அந்த இடத்தில் கொத்தியது. நான்கு வட்டத்திலும் அப்படியே, இம்மியும் பிசகவில்லை.

மாடத்தி அண்ணாந்து பார்த்தாள். வால் ஆடுவது நின்றது.

"அம்மா, இவ்வளவு உயரத்தில் திருமேனி எப்படிப் போடுவார்? எலி எப்படிப் போடும்?" என்று கேட்டாள்.

"என்ன உடும்பக்கா இப்படிக் கேக்குறீங்க?" என்று முந்திக்கொண்டான் சடையப்பன். "எலிக்கு ஒரு உயரம், யானைக்கு ஒரு உயரம்னு வெச்சா அது சமமா? ஏறி வரட்டும், தாவி வரட்டும், உருண்டு வரட்டும். எப்படி வந்தீங்கன்னு யாரும் கேக்கப் போறதில்லே."

"அப்ப அம்மாவே துதிக்கையால தூக்கி விடட்டும்," என்றது முயல்.

"தலைவியே ஆளைத் தூக்கிவிட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றான் கரடி வருத்தமாக. "அம்மாவுக்கு அந்தப் பேர் வரலாமா?"

பெரியநாயகி தலையை ஆட்டினாள். பொந்து அவள் துதிக்கைக்கு வாகான இடத்தில் இருந்தது. அதனால் அதில் என்ன குறை என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. "நியாயம்தான். தலைவர் யாரையும் தூக்கக் கூடாது. எப்படி வந்தார்னு யாரும் கேக்கக் கூடாது. மலையில சூரியன் இறங்குறதுக்குள்ள வரிசையில நின்னவங்க எல்லாரும் போடலாம். இதுதான் இனிமே நாலு வட்டத்துக்கும் சட்டம்," என்றாள்.

நாளுக்கு ஒரு வட்டமாக வாக்கு நடந்தது.

மூங்கில் வட்டத்தில் எல்லாம் சுலபமாக முடிந்தது. மேடு போனால் பாதை நேராகும் என்று சடையப்பன் சொல்லியிருந்ததால், அங்கே கழற்சிக்காயே அதிகம் விழுந்தது. மர வட்டத்துக்கு அவன் முதல்நாளே தேனடை கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். குரங்குகள் விரலை நக்கிக்கொண்டே வாக்குப் போட்டன.

மூன்றாம் நாள் ஆற்று வட்டம். மாடத்தி அங்கே போய்ப் பார்த்தாள். நீராமைகள் ஒன்றின் முதுகில் ஒன்றாக ஏறி நின்றன. பொந்துக்கு ஒரு சாண் இருக்கும்போது அடியில் இருந்த ஆமைக்குத் தும்மல் வந்தது. அடுக்கி வைத்த சட்டி சரிந்த மாதிரி அத்தனையும் ஆற்றுக்குள் போய் விழுந்தன. நாரைகள் போட்டன, மீன்கொத்திகள் போட்டன. மற்றவர்கள் வாயில் புளியங்கொட்டையோடு வந்தார்கள், வாயில் புளியங்கொட்டையோடு திரும்பிப் போனார்கள்.

சடையப்பன் கரையில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். "பாத்தீங்களா உடும்பக்கா, யாரையாவது நாங்க தடுத்தோமா? பாவம், அவங்களுக்கே இஷ்டமில்லே போலிருக்கு," என்றான்.

மாடத்தி நேரே புற்றுமேட்டுக்குப் போய், முட்டைகளை மூடிய மண்மேல் படுத்துக்கொண்டாள். மண் சூடாக இருந்தது. அடியில் இருப்பவை எதுவும் அறியாமல் உறங்கிக்கொண்டிருந்தன. நாளைக்குப் புல் வட்டம். நாளை மறுநாள் கரடியின் நகம்.

எனக்குத் தாவத் தெரியாது, பறக்கத் தெரியாது, தந்திரம் தெரியாது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. எழுந்து போய்ச் சீந்தில் கொடி ஒன்றை நீளமாகக் கடித்து இழுத்து வந்தாள்.

மறுநாள் காலை புல் வட்டத்து மரத்தடியில் காடே கூடியிருந்தது. புல் வட்டத்தார் புளியங்கொட்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். எல்லோருக்கும் கழுத்துதான் வலித்தது.

மாடத்தி இடுப்பில் கொடியைக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினாள். பொந்துக்குப் பக்கத்தில் நான்கு காலாலும் பட்டையைக் கவ்வினாள். வால் கீழே தொங்கியது. வாலுக்குக் கீழே கொடி தொங்கியது.

"ஏறுங்க," என்றாள்.

முதலில் சுண்டெலி ஏறியது, சுளுக்கிய காலோடு. கொடி வழியாக வால், வால் வழியாக முதுகு, முதுகிலிருந்து தலை. தலையில் நின்று எட்டிப் பொந்தில் போட்டது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். புல் வட்டம் முழுவதும் மூச்சு விட்டது.

பிறகு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வரிசை கட்டினார்கள். கீரி ஏறியது. கௌதாரி, பறக்கத் தெரிந்திருந்தும், எல்லோரும் ஏறுகிறார்களே என்று ஏறியது. முயல் பாதி ஏறிப் பயந்து இறங்கி, மறுபடி ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு போட்டது.

சடையப்பன் துள்ளி எழுந்தான். "தலைவியம்மா! இது என்ன அநியாயம்? உடும்பை ஏணியாக்கி ஏறுறாங்க!"

"எப்படி வந்தீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது," என்றாள் பெரியநாயகி. "நீ சொன்ன சட்டம்தானே, சடையப்பா?"

கரடி கையில் இருந்த தேனடையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். மெல்ல நகர்ந்து போய், தேனடைக் கையை எட்டியமட்டும் உயர்த்தி மரத்தில் சாய்ந்தான். "அடடா, வழுக்கிடுச்சே!" என்றான். தேன் பட்டை வழியாக உடும்பின் காலடிவரை வழிந்தது. தேன் வாசம் பட்டதும் முசுற்று எறும்புகள் சாரை சாரையாக வந்தன. விரலில் கடித்தன, வயிற்றில் கடித்தன, கண்ணிமையில் கடித்தன.

மாடத்தி கண்ணை மூடிக்கொண்டாள். பிடியை விடவில்லை.

அடுத்து வந்தது முள்ளம்பன்றி. "பயப்படாதே மாடத்தி, முள்ளை மடக்கிக்கிட்டுத்தான் ஏறுறேன்," என்றது.

"ம்," என்றாள் மாடத்தி.

"குத்துதா?"

"ம்."

"இறங்கிடட்டுமா?"

"போட்டுட்டு இறங்கு!"

முள்ளம்பன்றி போட்டுவிட்டு இறங்கியது. மாடத்தியின் முதுகில் நாலைந்து முள் குத்தி நின்றன. "அப்படியே இருக்கட்டும், அடுத்தவங்க பிடிச்சு ஏற வசதி," என்றது கீரி கீழேயிருந்து. மாடத்திக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் பிடி நழுவும் என்று அடக்கிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. கடைசியில் திருமேனி மட்டும் நின்றார். அவர் காலையில் முதல் ஆளாகத்தான் கிளம்பினார். வந்து சேர இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. அவருக்குக் கொடி ஏறத் தெரியாது. வால் ஏறவும் தெரியாது.

"சூரியன் மலையைத் தொட்டாச்சு!" என்று கத்தினான் சடையப்பன். "வாக்கு முடிஞ்சுது! எண்ணுங்க!"

"வரிசையில நிக்கிறவர் போட்டப்புறம்தான் முடியும்," என்றாள் பெரியநாயகி.

"வரிசைன்னா நாலு பேராவது வேண்டாமா? ஒருத்தர் நிக்கிறது வரிசையா?"

"அவருக்குப் பின்னாடி யாரும் இல்லாட்டியும், முன்னாடி நின்ன அத்தனை பேரும் வரிசைதானே?" என்றது முயல். இதைச் சொன்னது தான்தானா என்று அதற்கே பயமாக இருந்தது.

மாடத்தி கீழே இறங்கி வந்தாள். கொடியின் நுனியை எலிகள் ஆமையோட்டைச் சுற்றிக் கட்டின. மாடத்தி மறுபடி ஏறினாள். ஒரு பிடி வைப்பாள்; ஆமை தரையை விட்டு எழும்பும். அடுத்த பிடி வைப்பாள். ஆமை இன்னும் கொஞ்சம் எழும்பும். உடும்பின் இடுப்பில் கொடி அறுத்தது. அவளுடைய நான்கு காலும் நடுங்கின. பொந்தைத் தாண்டி அவள் மேலே போனபோது, திருமேனி கிணற்று வாளிபோல ஆடிக்கொண்டு பொந்துக்கு நேரே வந்தார். வந்தவர் சுற்றத் தொடங்கினார்.

"போடுங்க, போடுங்க!" என்று கத்தினார்கள்.

"இப்ப முதுகுப் பக்கம் இருக்கேன்," என்றார் திருமேனி. "கொஞ்சம் பொறுங்க, முகம் திரும்பி வரட்டும்."

முகம் வந்தது, போய்விட்டது.

"ஐயா!" என்றாள் மாடத்தி மேலேயிருந்து. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் திருமேனி கழுத்தை ஓட்டிலிருந்து முழுவதுமாக நீட்டினார். அவருக்கு அவ்வளவு நீளக் கழுத்து உண்டென்று யாருக்கும் தெரியாது. முகம் அடுத்த முறை வந்தபோது, 'டக்' என்றது பொந்து.

கடைசியாக மாடத்தி தன் கொட்டையைப் போட்டாள். காலையிலிருந்து அதைக் கன்னத்தில் வைத்திருந்தாள்.

நான்கு மரத்துக் காய்களையும் ஒரே இடத்தில் கொட்டினார்கள். காட்டில் யாருக்கும் அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது. ஆகவே நாரை ஒரு கழற்சிக்காயும் ஒரு புளியங்கொட்டையுமாகச் சோடி சோடியாக எடுத்து ஒதுக்கி வைத்தது. குவியல் இரண்டும் குறைந்துகொண்டே வந்தன. சடையப்பன் நகத்தைக் கடித்தான். மாடத்தி பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழற்சிக்காய் தீந்து போச்சு," என்றது நாரை.

புளியங்கொட்டை ஒரு பிடி மிச்சம் இருந்தது.

"அதுல ஒண்ணு என்னுது!" என்றது சுண்டெலி.

"அந்த ஓரத்துல கிடக்கிறது என்னுது, பல் பட்டிருக்கு பாரு!" என்றது முயல். புல் வட்டத்தில் ஒவ்வொருவரும் மிச்சம் நின்றது தன் கொட்டைதான் என்றார். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை.

அந்த ஆரவாரம் அடங்கியபோது திருமேனி மெதுவாகக் கேட்டார்: "அம்மா, ஒரு சந்தேகம். மேலே போட்ட கொட்டை எல்லாம் கீழேதானே வந்து விழுது?"

"ஆமா."

"கீழே இருக்கிற திறப்பு வழியாத்தானே எடுக்குறீங்க?"

"ஆமா."

"அப்ப எதுக்காக நாங்க மேலே போனோம்?"

பெரியநாயகி மரத்தடித் திறப்பைப் பார்த்தாள். உடும்பின் விரல்களைப் பார்த்தாள். எறும்பு கடித்து அவை வீங்கியிருந்தன. மரங்கொத்தியைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றது மரங்கொத்தி. "கொத்தச் சொன்ன இடத்துல கொத்தினேன்."

"இனிமே கீழேதான் போடணும்," என்றாள் பெரியநாயகி. "நாலு வட்டத்திலும் சுண்டெலிக்கு எட்டுற உயரத்தில், ஒரே மாதிரி."

"நாங்க குனியணுமா?" என்று முகத்தைச் சுளித்தது காட்டெருமை.

"நம்மால குனிய முடியும்," என்றாள் பெரியநாயகி. "சுண்டெலியால வளர முடியாது."

மழை வந்தது. புற்றின் ஓரத்தில் ஈரமண் விரிந்து, விரல் நீளக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வந்ததும் வராததுமாக, எதிரே கிடந்த குச்சியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு விட மறுத்தன. மாடத்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த கோடையில் வேறொரு வாக்கு வந்தது. சடையப்பன் மரத்தடியில் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, திறப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் கையால் துழாவிக்கொண்டிருந்தான். பின்னால் வரிசை நீண்டது. அவனுக்கு அடுத்து நின்றவர் திருமேனி.

"அவசரமே இல்லே தம்பி," என்றார் அவர். "நிதானமா போடுங்க."

நீதி: எல்லோருக்கும் முறை ஒன்றாக இருக்கட்டும், அதன் உயரத்தைக் குட்டையானவரைக் கொண்டு அளக்க வேண்டும்.